வெண்டை: விதையை நேரடியாக ஊன்றுவதா, நாற்று விட்டு நடுவதா? சென்னைத் தோட்டங்களுக்கான முழு வழிகாட்டி

வெண்டை விதையை இரவு ஊறவைத்து ஈரத்துணியில் முடிந்து வையுங்கள். சென்னைச் சூட்டில் மறுநாளோ அதற்கடுத்த நாளோ வெள்ளையாக ஒரு முனை எட்டிப் பார்க்கும். அது குருத்து அல்ல, வேர். மண்ணுக்கு மேலே இரண்டு வித்திலைகள் விரியும்போது கீழே ஆணிவேர் ஒரு விரல் நீளத்துக்கு இறங்கியிருக்கும். மேலே செடி சும்மா இருப்பதுபோலத் தெரியும் அந்த முதல் 10 நாளில் வேர் மட்டும் ஓயாமல் கீழே போய்க்கொண்டே இருக்கிறது. ஊன்றுவதா, நடுவதா என்ற கேள்விக்கு விடை சொல்வது இந்த ஆணிவேர்தான்.

கத்தரி, தக்காளி, மிளகாய்க்கு நாற்று விடுகிறோம். வெண்டை, கொத்தவரை, அவரை, பூசணி, முள்ளங்கிக்கு விதையை இருக்கும் இடத்திலேயே ஊன்றுகிறோம். காலங்காலமாக வரும் இந்தப் பிரிவினைக்குக் காரணம் இருக்கிறது. தக்காளி நாற்றைப் பிடுங்கும்போது ஆணிவேர் அறுந்தாலும் பக்கவேர்கள் கிளம்பிவிடும். தண்டைக் கொஞ்சம் புதைத்தால் தண்டிலிருந்தே வேர் விடும். வெண்டைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஆணிவேரின் நுனி முறிந்தால் செடி சாகாமல் போகலாம். ஆனால் ஒரு வாரம், 10 நாள் அப்படியே திகைத்து நிற்கும். பிறகு முழங்கால் உயரத்திலேயே பூவெடுத்து, நாலைந்து காயோடு ஓய்ந்துவிடும். மாடித்தோட்டத்தில் "உரம் எல்லாம் போட்டேன், செடி குட்டையாகவே நிற்கிறது" என்று சொல்லப்படும் வெண்டைகளில் பல, வேர் மடங்கிய நிலையில் நடப்பட்டவை.

அப்படியானால் குளிர் நாட்டுக்காரர்கள் ஏன் வெண்டைக்கு நாற்று விடுகிறார்கள்? அங்கே வெயில் காலம் குறுகியது. மண் சூடேறும்வரை காத்திருந்தால் காய்ப்பதற்குள் குளிர் திரும்பிவிடும். அதனால் வீட்டுக்குள் நாற்று விட்டு மூன்று, நான்கு வாரம் முந்திக்கொள்கிறார்கள். வேர் படும் சிரமத்தைவிட அந்த மூன்று வாரம் அவர்களுக்குப் பெரிது. வெண்டை விதை நன்றாக முளைக்க மண்ணின் சூடு 25 முதல் 35 டிகிரி வரை இருந்தால் போதும். சென்னையில் ஏறக்குறைய ஆண்டு முழுக்க அந்தச் சூடு இருக்கிறது. ஆகவே அவர்களுடைய காரணம் நமக்குப் பொருந்தாது. நமக்கு வேறு காரணங்கள் உண்டு: ஐப்பசி மழை, எலி, அணில், எறும்பு, வெள்ளை ஈ. இவற்றில் ஒன்று உங்கள் இடத்தில் பிரச்சினையாக இருந்தால் மட்டும் நாற்றுக்குப் போங்கள். இல்லாவிட்டால் விதையை நேரடியாக ஊன்றுவதே நல்லது. இரண்டையும் கலந்து செய்யும் வழி ஒன்றும் இருக்கிறது. அதையும் கீழே சொல்லியிருக்கிறோம்.

எப்போது விதைப்பது

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்பது வெண்டைக்கு அப்படியே பொருந்தும். ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவுக்குள் ஊன்றிவிட்டால் ஏறக்குறைய 45 நாளில் முதல் காய் கிடைக்கும். வடகிழக்குப் பருவமழை வலுக்கும் முன்னால் நல்ல காய்ப்பைப் பார்த்துவிடலாம். இரண்டாவது தைப்பட்டம். பொங்கல் முடிந்ததிலிருந்து பிப்ரவரி நடுவரை ஊன்றலாம். மாசி கடைசிவரை தள்ளிப்போட்டால் காய்ப்பு உச்சத்தில் இருக்கும்போது கத்திரி வெயில் வந்துவிடும். வெயில் 42 டிகிரியைத் தாண்டும் நாள்களில் பூ உதிரும்.

அக்டோபர், நவம்பரில் வெண்டையைத் திறந்த மண்ணில் ஊன்றுவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. ஒரே இரவில் கொட்டும் மழையில் விதை அழுகும், இல்லாவிட்டால் மண்ணோடு அடித்துப் போகும். அந்த மாதங்களில் வெண்டை வேண்டுமென்றால் சன்ஷேடுக்கு அடியில் கோப்பை நாற்று விட்டு, மழை விட்ட இடைவெளியில் நடுவது ஒன்றுதான் வழி. அப்போதும் மேகமூட்டத்தில் காய்ப்பு குறையும், இலையில் சாம்பல் நோய் வரும் என்பதைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

மண்ணும் பையும்

சென்னையில் மண் தெருவுக்குத் தெரு மாறும். பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் கடல் மணல்: தண்ணீர் நிற்காது, விதை அழுகாது, ஆனால் மேல்மண் ஒரே மணி நேரத்தில் காய்ந்துவிடும். அங்கே விதையை 2.5 செ.மீ. ஆழத்தில் ஊன்றுங்கள். வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் களிமண்: மழை பெய்து வெயில் அடித்ததும் மேலே ஓடுபோல இறுகிவிடும். வெண்டைக் குருத்து நேராக ஊசிபோல மேலே வராது. கழுத்தை வளைத்துக் கொக்கிபோல வந்து, வெளியே வந்த பிறகுதான் தலையைத் தூக்கும். இறுகிய ஓட்டை முட்டித் தள்ள அந்தக் கழுத்துக்குப் பலம் போதாது, உள்ளேயே முறிந்துவிடும். களிமண்காரர்கள் 1.5 செ.மீ. ஆழத்தோடு நிறுத்திக்கொண்டு, குழியை அதே களிமண்ணால் மூடாமல் சலித்த தொழு உரத்தாலோ மண்புழு உரத்தாலோ மூடுங்கள். இந்தச் சின்ன மாற்றத்திலேயே முளைப்பு நன்றாகக் கூடும்.

தரையில் பாத்தி போடுபவர்கள் ஒரு சென்ட்டுக்கு 100 கிலோ மக்கிய தொழு உரம் கலக்க வேண்டும். வரிசைக்கு வரிசை 45 செ.மீ., செடிக்குச் செடி 30 செ.மீ. இந்தக் கணக்கில் ஒரு சென்ட்டில் 300 குழி வரும். குழிக்கு இரண்டு விதை என்றால் 600 விதை. ஒரு கிராமில் ஏறத்தாழ 15 முதல் 18 வெண்டை விதை இருக்கும் என்பதால் 40 கிராம் வாங்கினால் போதும். செங்குன்றம், ஊத்துக்கோட்டை பக்கம் ஏக்கர் கணக்கில் போடுபவர்களுக்கு, சாதாரண ரகம் என்றால் ஏக்கருக்கு 3.2 கிலோ, வீரிய ஒட்டு ரகம் என்றால் 1 கிலோ. வேளாண் துறை எக்டருக்குச் சொல்லும் 8 கிலோ, 2.5 கிலோ அளவுகள்தான் இவை.

மாடிக்கு 12 அங்குல அகலம், 12 அங்குல உயரமுள்ள பையில் ஒரு செடி, 15 அங்குலப் பையில் இரண்டு செடி. ஒரே பையில் நாலு செடி வைத்து நாலு மடங்கு காய் பார்த்தவர் யாருமில்லை. 15 அங்குலப் பை நனைந்த நிலையில் 40 கிலோவைத் தாண்டும். அதனால் பைகளை மாடியின் நடுவில் குவிக்காமல் தூண், பீம் ஓடும் ஓரமாகப் பரப்பி வையுங்கள்.

கலவைக்குச் செம்மண் 2 பங்கு, கழுவிய தென்னை நார்க்கழிவு 1 பங்கு, மக்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம் 1 பங்கு. பைக்கு 50 கிராம் வேப்பம் புண்ணாக்கு. நார்க்கழிவைக் கழுவச் சொல்வதற்குக் காரணம் அதிலுள்ள உப்பு. கட்டியாக வரும் நார்க்கழிவை ஒரு வாளித் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்தால் காப்பி டிகாக்‌ஷன் நிறத்தில் தண்ணீர் வரும். நிறம் வெளுக்கும்வரை மூன்று முறையாவது தண்ணீர் மாற்றுங்கள். கழுவாமல் போட்டால் விதை முளைக்கும், ஆனால் வித்திலையின் ஓரம் கருகும். கலவையை நனைத்து 7 முதல் 10 நாள் ஆறவிட்ட பிறகே விதையுங்கள். புண்ணாக்கு நொதிக்கும்போது எழும் சூடு இளவேரைச் சுட்டுவிடும்.

தண்ணீரும் முக்கியம். கடலோரப் பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்புக் கரிக்கும். ஆர்.ஓ. இயந்திரம் கழித்துவிடும் தண்ணீரிலும் உப்பு திரண்டிருக்கும். இரண்டும் முளைக்கும் விதைக்கு ஆகாது. முதல் இரண்டு வாரமாவது மெட்ரோ தண்ணீரோ பிடித்து வைத்த மழைத் தண்ணீரோ ஊற்றுங்கள். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு இல்லை. குளிர் விட்ட பிறகு விதை ஊறவைக்க அதுகூட ஆகும்.

விதையைத் தயார் செய்தல்

வெண்டை விதையின் தோல் தடிப்பானது. சென்னைக் காற்றின் ஈரத்தில் திறந்து வைத்த பாக்கெட் ஒரு வருடத்திலேயே வீரியம் இழக்கும். ஆகவே பழைய விதை என்றால் 10 விதையை ஈரத்துணியில் முடிந்து ஐந்து நாள் பாருங்கள். 8 முளைத்தால் குழிக்கு இரண்டு விதை போதும். 5 முளைத்தால் மூன்று விதை. 3 அல்லது அதற்கும் குறைவு என்றால் புதிய விதை வாங்கிவிடுங்கள். இந்த ஐந்து நாள் பொறுமை பின்னால் மூன்று வாரத்தை மிச்சப்படுத்தும்.

ஊறவைப்பது 8 முதல் 12 மணி நேரம். இரவு சாப்பாடு முடிந்து போட்டால் காலையில் எடுக்கலாம். 24 மணி நேரத்தைத் தாண்டினால் விதைக்கு மூச்சு முட்டும். தண்ணீர் கலங்கி வாடை அடித்தால் அந்த விதையை நம்ப வேண்டாம். இளஞ்சிவப்புச் சாயத்தில் வரும் விதைகளில் பூஞ்சை மருந்து பூசியிருக்கும். அதை ஊறவைத்தால் மருந்து கரைந்து போகும் என்பதால் நேரடியாக ஈர மண்ணில் ஊன்றுங்கள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சாயமில்லாத விதைக்குச் சூடோமோனாஸ் (நோய்ப் பூஞ்சையை அடக்கும் நன்மை செய்யும் பாக்டீரியா) தூள் கிலோவுக்கு 10 கிராம் என்பது கணக்கு. வீட்டுத் தோட்டத்தின் 20, 30 விதைக்கு ஒரு சிட்டிகை போதும். ஊறிய விதையில் ஆறிய வடிகஞ்சி சில துளி விட்டுத் தூளைப் பிசறி, நிழலில் 20 நிமிடம் உலர்த்துங்கள். நாற்றழுகல் வராமல் தடுக்க வீட்டில் செய்யக்கூடியதில் இதைவிடச் சுலபமானது இல்லை.

ரகத்தைப் பொறுத்தவரை, பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா அனாமிகா மஞ்சள் நரம்புத் தேமல் நோயைத் தாங்குவதற்கென்று வந்தது. இன்று எல்லா இடத்திலும் அந்தத் தாங்குதிறன் முழுதாக நிற்பதில்லை என்றாலும், விதை சுலபமாகக் கிடைக்கும், விதை எடுத்து வைத்துக்கொள்ளலாம். யானைத்தந்த வெண்டை போன்ற உயரமாக வளரும் நாட்டு ரகங்களுக்கு நேரடி விதைப்பைத் தவிர வேறு யோசனை வேண்டாம். ஆள் உயரம் போகும் செடிக்கு ஆழமான வேர் இல்லையென்றால் ஒரு காற்றுக்கே சாய்ந்துவிடும்.

நேரடியாக ஊன்றும் முறை

விதைப்பதற்கு முந்தின நாள் மாலை பையையோ பாத்தியையோ அடிவரை நனைத்துவிடுங்கள். விதைத்த பிறகு குடம் குடமாக ஊற்றினால் விதை இடம் மாறும், ஆழம் மாறும். காலையில் மண்ணைக் கையில் பிடித்தால் உருண்டையாகப் பிடிபட வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். அதுதான் பதம்.

ஆள்காட்டி விரலை முதல் கணு வரை மண்ணில் அழுத்தினால் ஏறத்தாழ 2 செ.மீ. குழி கிடைக்கும். ஒரு குழியில் இரண்டு அல்லது மூன்று விதையை ஒன்றோடொன்று ஒட்டாமல் ஒரு விரற்கடை தள்ளிப் போடுங்கள். ஒட்டிப் போட்டால் பிறகு ஒன்றை எடுக்கும்போது மற்றதன் வேரும் அசையும். மண்புழு உரத்தால் மூடி, உள்ளங்கையால் மெதுவாக ஒரு தட்டு தட்டுங்கள். விதையும் மண்ணும் நெருங்கினால்தான் ஈரம் விதைக்குள் போகும். பிறகு பூவாளியால் பைக்கு 200 மி.லி. தெளித்தால் போதும். மேலே காய்ந்த இலையோ வைக்கோலோ மெல்லியதாகப் பரப்புங்கள். குருத்து தலை காட்டியதும் அதை ஒதுக்கிவிட வேண்டும்.

ஊறவைத்த விதை மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் வெளியே வரும். ஏழாம் நாளும் வராவிட்டால் ஒரு குழியைத் தோண்டிப் பாருங்கள். விதை கொழகொழவென்று இருந்தால் தண்ணீர் கூடிப்போயிற்று. கல்லுப்போல இருந்தால் ஊறவில்லை, ஈரம் போதவில்லை. முளை வந்து கழுத்து முறிந்திருந்தால் மண் இறுக்கம் அல்லது ஆழம். விதையே இல்லையென்றால் எறும்போ எலியோ அணிலோ எடுத்துப் போயிருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு என்பதால் தோண்டிப் பார்க்காமல் மறுபடி விதைத்து வீணாக்காதீர்கள்.

எறும்புக்குப் பையைச் சுற்றிலும் வேப்பம் புண்ணாக்குத் தூள் தூவுவது ஓரளவு பலன் தரும். அணிலும் எலியும் கிளறும் மாடி என்றால் ஒரு பழைய பழக்கூடையைப் பையின் மேல் கவிழ்த்து, மேலே கல் வையுங்கள். வித்திலை விரிந்ததும் கூடையை எடுத்துவிடலாம். விதைக்காக வரும் அணில் அதற்குப் பிறகு அதைச் சீண்டுவது குறைவு.

சில குருத்துகள் விதைத்தோலைத் தொப்பிபோலத் தலையில் மாட்டிக்கொண்டு வரும். மேலோட்டமாக விதைத்ததாலோ மேல்மண் காய்ந்ததாலோ வருவது அது. கையால் உரிக்கப் போனால் வித்திலையும் சேர்ந்து கிழியும். தண்ணீரை ஒரு சொட்டு தொப்பியின் மேல் விட்டு அரை மணி கழித்துப் பாருங்கள், தானே நழுவும்.

பத்தாம் நாள் செடி கலைக்க வேண்டும். இதுதான் பலருக்கு மனம் வராத வேலை. நன்றாக நிற்கும் இரண்டில் ஒன்றைப் பிடுங்குவானேன் என்று தோன்றும். பிடுங்கவே வேண்டாம், கத்தரிக்கோலால் தரையோடு ஒட்ட நறுக்குங்கள். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் ஆணிவேரும் ஆட்டம் காணும். நறுக்கிய செடியின் வேர் மண்ணிலேயே மக்கிப் போகும். கலைத்த செடியைப் பிடுங்கி வேறு பையில் நட்டுப் பிழைக்க வைக்கலாம் என்ற ஆசை மட்டும் வேண்டாம். வெறும் வேரோடு பிடுங்கிய வெண்டை பத்தில் ஒன்று, இரண்டு பிழைத்தாலும் தேறி நிற்காது.

நாற்று விட்டு நடும் முறை

நாற்று என்றால் வெண்டைக்கு ஒரே ஒரு வடிவம்தான்: தனித்தனிக் கோப்பையில் விட்டு, மண் கட்டி கலையாமல் நடுவது. நாற்றங்கால் பாத்தியில் நெருக்கமாகத் தூவிப் பிடுங்கி நடும் வேலை வெண்டைக்கு ஆகாது.

98 குழி நாற்றுத்தட்டு கத்தரிக்கும் மிளகாய்க்கும் ஏற்றது, வெண்டைக்கு ஆழம் போதாது. 50 குழித் தட்டு பரவாயில்லை. அதைவிட 150 முதல் 200 மி.லி. பிடிக்கும் காகித டீ கப் நல்லது. ஆனால் காகிதக் கப்பின் உட்புறத்தில் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. "காகிதம்தானே, மண்ணில் மக்கிவிடும்" என்று கப்போடு புதைத்தால் வேர் உள்ளேயே சுற்றிச் சுற்றி நின்றுவிடும். செய்தித்தாளை நாலாக மடித்து, டம்ளரில் சுற்றி, அடியை உள்ளே திருப்பிவிட்டால் கிடைக்கும் காகிதக் குப்பியை அப்படியே நடலாம். உயரம் 8 செ.மீ.க்குக் குறையக் கூடாது. கொட்டாங்குச்சி அகலமிருந்தும் ஆழமில்லை. வெண்டைக்கு அதைத் தவிர்த்துவிடுங்கள்.

கோப்பையின் அடியில் பென்சில் பருமனில் மூன்று ஓட்டை. உள்ளே நார்க்கழிவும் மண்புழு உரமும் சரிபாதி. ஒரு கோப்பைக்கு இரண்டு விதை, 1.5 செ.மீ. ஆழம். ஐந்தாம் நாள் ஒன்றை நறுக்கிவிடுங்கள். குருத்து வந்த நாளிலிருந்தே வெயில் வேண்டும். அடுக்ககத்தின் வடக்குப் பார்த்த பால்கனியில் வைத்துக் காப்பாற்றும் நாற்று, வெளிச்சம் தேடி நூல்போல நீண்டுவிடும். அப்படி நீண்ட வெண்டையைத் தக்காளிபோல ஆழமாகப் புதைத்துச் சரிக்கட்ட முடியாது. புதைத்த தண்டு வேர் விடாது, அழுகும். காலையிலிருந்து 5, 6 மணி நேரமாவது நேர் வெயில் விழும் இடம் பாருங்கள். கோப்பைகளைத் தரையில் வைக்காமல் கம்பி வலையின் மேலோ துளையுள்ள பழக்கூடையின் மேலோ வையுங்கள். ஓட்டையில் எட்டிப் பார்க்கும் வேர்நுனி காற்றுப் பட்டு அங்கேயே நின்றுகொள்ளும், தரையைத் தேடி ஓடாது.

நடவேண்டிய நாளைச் செடியைப் பார்த்து முடிவு செய்யுங்கள். வித்திலைகளுக்கு நடுவிலிருந்து முதல் உண்மை இலை விரிந்து, இரண்டாவது இலை நகம் அளவுக்குத் தலை காட்டும். சென்னை வெயிலில் அது 11 முதல் 13 நாளில் வரும். அப்போது ஒரு கோப்பையை மட்டும் சாய்த்து மண் கட்டியை உருவிப் பாருங்கள். பக்கங்களில் வெள்ளை வேர்கள் நூல் நூலாகத் தெரிய வேண்டும், ஆணிவேர் அடியைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். அடியில் வேர் வளைந்து ஒரு சுற்று சுற்றிவிட்டிருந்தால் இரண்டு நாள் தாமதம். பழுப்பேறிச் சுருண்டு கிடந்தால் அந்தத் தொகுதியே தாண்டிவிட்டது; இடமும் விதையும் இருந்தால் புதிதாக விதைத்துவிடுவது மேல். இன்று ஊன்றும் விதை அந்தச் செடியை எட்டிப் பிடித்துத் தாண்டிவிடும்.

நர்சரியில் வெண்டை நாற்று வாங்கும்போதும் இதே கண்ணோடு பாருங்கள். நாலு இலை, ஐந்து இலையோடு கொழுத்து நிற்பது பார்க்க அழகு. பையைத் தூக்கிப் பார்த்தால் அடி ஓட்டையில் வேர் வெளியே தொங்கும். சின்னதாக இரண்டு இலையோடு இருப்பதைக் கேட்டு வாங்குங்கள்.

நடும் வேலையை மாலை 5 மணிக்குமேல் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் முன்பு கோப்பைக்குத் தண்ணீர் ஊற்றினால் கட்டி உதிராது. பையில் கோப்பை அளவுக்கே குழி எடுங்கள். காகிதக் கப்பின் அடியைப் பிளேடால் வட்டமாக அறுத்து, பக்கத்தில் மேலிருந்து கீழாக ஒரு கீறல் போட்டு, குழியில் இறக்கிய பிறகு காகிதத்தை உருவிவிடுங்கள். செடியைத் தண்டைப் பிடித்துத் தூக்கக் கூடாது. அந்த வயதில் தண்டு கீரைத்தண்டைவிட மென்மையானது, நசுங்கினால் மீளாது. வித்திலை அல்லது கட்டியின் அடிப்பாகத்தைப் பிடியுங்கள். கோப்பையில் மண் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில் நிற்க வேண்டும். செய்தித்தாள் குப்பி என்றால் மண்ணுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் காகித விளிம்பைக் கிழித்துவிடுங்கள், அது ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும்.

நட்டதும் அரை லிட்டர் தண்ணீர். மறுநாளிலிருந்து மூன்று நாள் காலை 10 முதல் 4 மணி வரை தென்னங்கீற்றாலோ அட்டையாலோ நிழல் கட்டுங்கள். முதல் நாள் உச்சியில் இலை தொங்கி மாலையில் நிமிர்ந்தால் கவலை வேண்டாம். காலை 7 மணிக்கே தொங்கிக் கிடந்தால் வேர் முறிந்திருக்கிறது. தண்ணீர் மேல் தண்ணீர் ஊற்றினால் அழுகலும் சேர்ந்துகொள்ளும். ஒரு வாரத்துக்கு எந்த உரமும், பஞ்சகவ்யமும்கூட வேண்டாம்.

நாற்றுமுறைக்கு உண்மையான பலம் ஒன்று உண்டு. மஞ்சள் நரம்புத் தேமலை வெள்ளை ஈ பரப்புகிறது; விதை வழியாக அது வருவதில்லை. முதல் மூன்று வாரத்தில் நோய் தொற்றிய செடியில் காய்ப்பு பெரும்பகுதி போய்விடும். இரண்டு மாதம் கழித்துத் தொற்றினால் அவ்வளவு சேதம் இல்லை. 20 கோப்பையை ஒரு சின்ன வலைக்குள் 12 நாள் வைத்துக் காப்பது எளிது. 20 பைகளை வலையால் மூடுவது பெரும்பாடு. சாதாரணக் கொசுவலையின் கண் வழியே வெள்ளை ஈ புகுந்துவிடும். நாற்றங்காலுக்கென்று விற்கும் 40 முதல் 50 மெஷ் (அங்குலத்துக்கு 40 முதல் 50 கண்) நைலான் வலை வேண்டும். தைப்பட்டத்தில், வெயில் ஏற ஏற வெள்ளை ஈ பெருகும் மாடிகளில், வேர் படும் சிறு சிரமத்தை ஏற்றுக்கொண்டு கோப்பை நாற்றுக்குப் போவது நியாயமான முடிவு.

இரண்டையும் சேர்த்துச் செய்வது

எங்கள் முதல் பரிந்துரை இதுதான். பாத்தியிலோ பையிலோ விதையை நேரடியாக ஊன்றுங்கள். அதே நாளில், அதே விதையில், பத்துக் குழிக்கு ஒன்று என்ற கணக்கில் கோப்பையிலும் போட்டு வையுங்கள். 40 குழி என்றால் 4 அல்லது 5 கோப்பை. பத்தாம் நாள் முளைக்காத குழிகளில் கோப்பை நாற்றை நட்டுவிடுங்கள். விவசாயிகள் பாடுவாசி நிரப்புவது என்று சொல்லும் வேலை இது. எல்லாச் செடியும் ஒரே வயதில் இருப்பதால் ஒன்றின் நிழலில் ஒன்று அமுங்காது. முளைக்காத குழியில் பத்தாம் நாள் மறுபடி விதை ஊன்றினால், பக்கத்துச் செடிகள் இலை விரித்து மூடிய பிறகுதான் அது தலை தூக்கும், வெளிச்சத்துக்கே போராடும்.

பூ வரும்வரை

15 நாளில் பைக்கு ஒரு கைப்பிடி மண்புழு உரம். 20ஆம் நாளிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பஞ்சகவ்யம் லிட்டருக்கு 30 மி.லி. கலந்து மாலையில் தெளியுங்கள். 25ஆம் நாள் தண்டைச் சுற்றி மண் அணையுங்கள். நாற்று நட்ட செடிக்கு இது இன்னும் அவசியம், ஏனென்றால் அதன் வேர் பிடிமானம் சற்றுக் குறைவாகவே இருக்கும். இலையின் அடிப்பக்கத்தை வாரம் இருமுறை திருப்பிப் பாருங்கள். அசுவினியும் மாவுப்பூச்சியும் தொடக்கத்தில் ஒரே ஒரு இலையில்தான் இருக்கும். அந்த இலையைக் கிள்ளி எறிந்தால் முடிந்தது. பரவிவிட்டால் வேப்பெண்ணெய் 5 மி.லி., சிறிது காதி சோப்புக் கரைசல், ஒரு லிட்டர் தண்ணீர். நரம்பெல்லாம் மஞ்சள் வலைபோலத் தெரியும் செடிக்கு மருந்து கிடையாது. முதல் மாதத்திலேயே வந்தால் தாமதிக்காமல் பிடுங்கிவிடுங்கள்.

நேரடியாக ஊன்றிய செடியில் 35 முதல் 40 நாளில் முதல் பூ. கோப்பை நாற்றுச் செடி, வேர் கெடாமல் நட்டிருந்தால், அதே நாளிலோ நாலைந்து நாள் பின்னாலோ பூக்கும். பூத்த ஐந்தாம், ஆறாம் நாள் காய் பறிக்கும் பதம். நுனியை ஒடித்தால் 'டக்' என்று ஒடிய வேண்டும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறியுங்கள். ஒரே ஒரு காயை முற்றவிட்டாலும் செடி அதற்கே சத்தைக் கொடுத்துப் பூவைக் குறைக்கும்.

ஓய்ந்த செடியின் வேரைப் பாருங்கள்

காய்ப்பு முடிந்ததும் செடியைத் தூக்கி எறிவதற்கு முன் பையைச் சாய்த்து, வேரைத் தண்ணீரில் அலசுங்கள். ஆணிவேர் கைத்தடிபோல நேராக இறங்கி, பக்கவேர்கள் எல்லாப் பக்கமும் பிரிந்திருந்தால் நடவு சரி. கொக்கிபோல மேலே வளைந்திருந்தால் குழியில் வேர் மடங்கியிருக்கிறது. கோப்பையின் வடிவத்திலேயே ஒரு சுருள் அப்படியே இருந்தால் நாற்று தாமதமாக நடப்பட்டிருக்கிறது. அடுத்த முறை இரண்டு நாள் முன்னால் நடுங்கள். வேரில் மணிமணியாக முடிச்சுகள் தெரிந்தால் அது வேறு விஷயம்: வேர்முடிச்சு நூற்புழு. வெண்டையை அது மிகவும் விரும்பும். அந்த வேரை உரக்குழியில் போடாமல் அப்புறப்படுத்துங்கள். அந்தப் பை மண்ணில் அடுத்த முறை வெண்டையோ கத்தரியோ தக்காளியோ வைக்காமல் துலுக்கச் சாமந்தி வையுங்கள். அது பூத்து முடிந்ததும் செடியை நறுக்கி அதே மண்ணில் புரட்டி, பைக்கு 100 கிராம் வேப்பம் புண்ணாக்கு சேர்த்து, இரண்டு வாரம் ஈரம் காயாமல் வைத்த பிறகு மறுபடி வெண்டை ஊன்றலாம்.